காதை எங்க வெச்சிருக்கே, அப்புனு?

ஏங்கண்ணு, மூஞ்சி ஏன் இப்பிடித் தொங்கிக் கெடக்குது? வெள்ளாமை போச்சா? பொண்ணு பாத்த எடத்துல வேண்டாம்னுட்டாங்களா? அதெல்லாம் ஒண்ணுமில்லையாம். கம்ப்யூட்டர்ல கார் ஓட்டற வெளையாட்டு இருக்குதல்லோ, அதுல வர்ற என்ஜின் சத்தம் நெசக் கார்ச் சத்தமாட்ட இல்லையாம். அதுக்குத்தான் சோறு எறங்கலையாம்.

நல்ல வெசனம்டா சாமி. எங்க காலத்துல எங்களுக்கு இத்தனை ஒசந்த வெசனம் ஒண்ணு கூட வாய்க்கலே.

சிரிக்கறேன்னு கோவிச்சுக்காதே. நானும் சத்தத்தை வெச்சுப் பொழப்பு நடத்துனவன்தான். ஆயில் என்ஜின் பட்டறையிலயே தலை நரைச்சுது எனக்கு. ஸ்க்ரூ டிரைவர் நுனியை என்ஜின் மேல வெச்சு, கைப்பிடியைக் காதுல அழுத்திக்கிட்டா போதும். உள்ள பேரிங் தேஞ்சிருக்குதா, டாப்பெட் தட்டுதா, பிஸ்டன் அடிக்குதான்னு சொல்லிப்போடுவேன். அதனால இதைப் பத்திப் பேச எனக்கும் ஆசைதான். சித்தே உக்காரு.

மொதல்ல ஒரு கேள்வி. நெசச் சத்தம் வேணும், நெசச் சத்தம் வேணும்னு குதிக்கறியே. எங்க நின்னு கேட்ட நெசம்?

சைலன்சருக்குப் பொறத்தால நின்னு கேட்டா ஒரு சத்தம். பானெட்டைத் தொறந்து, என்ஜின் காத்து உறிஞ்சற பக்கம் தலையை நீட்டுனா வேற சத்தம். உள்ள உக்காந்து கண்ணாடியை ஏத்திக்கிட்டா இன்னொண்ணு. பந்தயத் திடல்ல டிக்கெட் வாங்கி ஒசரத்துல உக்காந்திருக்கறவனுக்கு வேற. ஊட்டுல டிவி பாக்கறவனுக்கு அதுவும் வேற. ஒரே கார், ஒரே என்ஜின். இதுல எது நெசம்? அத்தனையும் நெசந்தான். நீ எதைக் கேக்கறே?

சொல்லத் தெரியலே பாரு.

நீ ஆசைப்படற அந்த "ஈஈஈ... யூம்" இருக்குதல்லோ, கார் வந்து தாண்டிப் போறப்ப வர்றது, அது கார் போடற சத்தமே இல்லை. 300 கிலோமீட்டர் வேகத்துல வர்ற கார் நொடிக்கு 83 மீட்டர் தாண்டுது. சத்தம் நொடிக்கு 340 மீட்டர் போகும். கார் தன்ற சத்தத்தைத் தானே தொரத்திக்கிட்டு வருது. அதனால முன்னால அலையெல்லாம் நெருங்கிச் சுருதி ஏறுது. தாண்டிப் போயிட்டா அலை இழுபட்டுச் சுருதி எறங்குது. கணக்குப் போட்டுப் பாத்தா, பத்துல இருந்தது ஆறுக்கு வந்துரும். ரோட்டோரத்துல நிக்கறவன் காதுல மட்டும் நடக்கற கூத்து அது. ஓட்டறவனுக்கு ஆயுசுக்கும் கேக்காது. அவன் சத்தத்தோட ஒட்டுக்காப் போறானே! நீ ஓட்டறவனா, ஓரத்துல நிக்கறவனா?

அதைவிடக் கூத்து ஒண்ணு இருக்குது. வெளையாட்டுல நீ காருக்குப் பின்னால கொஞ்சம் தள்ளி, தலைக்கு மேல ஒரு எடத்துல இருந்து பாத்துக்கிட்டே ஓட்டறியே, அது யாரோட காது? அந்த எடத்துல ஒருத்தன் 250 கிலோமீட்டர் வேகத்துல மெதந்துக்கிட்டு வந்தான்னா, காத்து அடிக்கற அடியில என்ஜினும் கேக்காது, எழவும் கேக்காது. அங்க இருந்துக்கிட்டு "ரியலிஸ்டிக்கா இல்லை"ங்கறே. பேய்க்கு எப்பிடிக் கேக்கும்னு நான் யாரைப் போய் விசாரிக்கறது?

சரி, ஓட்டறவன் காதுதான் வேணும்ங்கறியா? குசும்பே அங்கதான் இருக்குது. பார்முலா ஒன் ஓட்டறவன் காதுல என்ன இருக்குது தெரியுமா? அவனவன் காதுக் குழிக்கு அச்செடுத்துச் செஞ்ச அடைப்பான். ரேடியோ பேச்சு அதுக்குள்ளதான் வரும். அதுக்கு மேல தீப்பிடிக்காத துணியில முகமூடி. அதுக்கும் மேல ஹெல்மெட்டு. அத்தனையும் போட்டு மூடி அவன் சத்தத்தை வெளிய தள்ளறான். நீ அதே சத்தத்தை உள்ள இழுக்கறதுக்கு, உங்கப்பன் ரெண்டு மாசம் சம்பாரிக்கற காசுக்கு ஹெட்போன் வாங்கறே. நெசமாலுமே அவனாட்டக் கேக்கணும்னா ரெண்டு பஞ்சு உருண்டை போதுமே கண்ணு.

மூடுன கார்னா இன்னும் சொகம். எடை கொறையணும்னு மெத்தை, கார்ப்பெட்டு, சத்தம் தடுக்கற அட்டை எல்லாத்தையும் பிச்சு எறிஞ்சிருப்பாங்க. மீதி இருக்கறது வெறும் தகரம். ரோட்டுக் காருக்கு கியர் பல்லைச் சாச்சு வெட்டுவாங்க, சத்தமில்லாம சுத்தட்டும்னு. பந்தயக் காருக்குப் பல்லை நேரா வெட்டுவாங்க. சக்தி வீணாகறது கொறையும், ஆனா ஊளையிடும். அதனால ரேலி காருக்குள்ள உக்காந்தா மொதல்ல காதுல விழுகறது கியர்பாக்ஸ் ஊளை. அப்பறமேட்டு அடியில கல்லு தெறிச்சுத் தகரத்துல அடிக்கறது. நீ நெனைக்கற சங்கீதம் அதுக்கும் பின்னாலதான் எங்கியோ நிக்கும். 2015-ல வந்த டர்ட் ரேலி வெளையாட்டுல அந்த ஊளையையும் கல்லடியையும் நல்லாவே வெச்சிருக்காங்க. அதைக் கேட்டுப்போட்டு, "என்ன தாத்தா, என்ஜினே அடங்கிக் கேக்குது"ன்னு நீ சொன்னியே. நெசத்தைக் குடுத்தாலும் புடிக்கலே உனக்கு.

உனக்கு எந்தச் சத்தம் சொர்க்கம்னு எனக்குத் தெரியாதா? பழைய வி10 என்ஜின். நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல ஜோர்டான் அணியில பார்முலா ஒன் ஓட்டுனாரல்லோ, இந்தியாவுல இருந்து மொதோ ஆளு. அவர் முதுகுக்குப் பின்னால இருந்தது டொயோட்டாவோட 3 லிட்டர் வி10. நிமிசத்துக்கு 18,000 சுத்துக்கு மேல போகும். வா, கணக்குப் போடுவோம். நாலு ஸ்ட்ரோக் என்ஜின்ல ஒரு சிலிண்டர் ரெண்டு சுத்துக்கு ஒருக்கா வெடிக்கும். பத்து சிலிண்டர்னா சுத்துக்கு அஞ்சு வெடி. 18,000 சுத்துன்னா நொடிக்கு 300. அப்ப நொடிக்கு 1,500 வெடி. எங்க பட்டறைக்கு வர்ற பழைய ஒத்தைச் சிலிண்டர் ஆயில் என்ஜின் நிமிசத்துக்கு 650 சுத்து. நொடிக்கு அஞ்சு வெடி. அதை விரல் விட்டு எண்ணலாம். 1,500-ஐ எண்ணுவியா? காதும் எண்ணாது. வெடின்னு எடுத்துக்காம ஒரே கீச்சுக் கொரலா எடுத்துக்கும். தெய்வீகம், ஆத்மா, அழுகைன்னு நீ சொல்றதெல்லாம் இந்தப் பெருக்கல்தான்.

2006-ல வி8 ஆச்சு. அப்பறமேட்டு 18,000-க்கு மேல சுத்தக் கூடாதுன்னு கட்டு போட்டாங்க. நொடிக்கு 1,200 வெடி. 2014-ல 1.6 லிட்டர் வி6 டர்போ. விதி 15,000 சுத்து வரைக்கும் விட்டுது. ஆனா எரிபொருள் இவ்வளவுதான் பாயணும்னு அளவு வெச்சதால 12,000 பக்கத்துலயே நிப்பாட்டிக்கிட்டாங்க. 600 வெடி. போதாக் கொறைக்கு டர்போ வேற, வெளிய போற பொகையில இருக்கற சக்தியைப் புடிச்சு உறிஞ்சிப்போடுது. கொரல் எறங்காம என்ன பண்ணும்?

அப்ப வெச்சாங்க பாரு ஒப்பாரி! மெல்போர்ன்ல மொதோ பந்தயம் நடத்துனவங்களே சத்தம் பத்தலைன்னு மொறையிட்டாங்க. அந்த மே மாசம் பார்சிலோனா சோதனை ஓட்டத்துல மெர்சிடீஸ்காரங்க என்ன பண்ணுனாங்க தெரியுமா? சைலன்சர் குழாய் நுனியில வாய் விரிஞ்ச புனல் ஒண்ணை மாட்டி ஓட்டுனாங்க. ஒலகத்துலயே மேலான என்ஜினியருங்க! ஓட்டிப் பாத்தா சத்தம் அப்பிடியேதான் இருந்துது. பொக்குன்னு போச்சு. கழட்டிப் போட்டாங்க. நம்மூர்ப் பசங்க சைலன்சரை மாத்துனா போலீஸ் புடிச்சு ரோடு ரோலர் ஏத்தி நசுக்குது. கம்பெனிச் சட்டை போட்டவன் மாத்துனா அதுக்குப் பேரு ஆராய்ச்சி.

இனி உன்ற வெளையாட்டுக்கு வர்றேன்.

1982-ல நாம்கோ கம்பெனி போல் பொசிஷன்னு ஒண்ணு விட்டாங்க. சில்லு போடற ஒரு முனகல்தான் என்ஜின். சனம் வரிசையில நின்னு காசு போட்டுச்சு. உங்கப்பன் பிரவுசிங் சென்டர்ல ரோட் ராஷ்ங்கற பைக் வெளையாட்டு ஓட்டுனவன். சத்தம் சரியில்லைன்னு ஒரு நாள் வெசனப்பட்டிருப்பானா? பக்கத்து வண்டிக்காரனைச் சங்கிலியால அடிக்கறதுக்கே நேரம் பத்தலே அவனுக்கு.

இப்ப எப்பிடிச் சத்தம் புடிக்கறாங்கன்னு கேட்டா நீ வாயைப் பொளப்பே. காரை உருளை மேல ஏத்தி, கயிறு போட்டுக் கட்டி, நின்ன எடத்துலயே சக்கரம் சுத்த விடறாங்க. சைலன்சர் கிட்ட மைக்கு, என்ஜின் கிட்ட மைக்கு, டிரைவர் தலை மாட்டுல மைக்கு. ஆயிரம் சுத்துல ஒருக்கா, ரெண்டாயிரத்துல ஒருக்கான்னு படிப்படியா ஏத்திப் பதியறாங்க. ஆக்சிலேட்டரை மிதிச்சு ஒருக்கா, காலை எடுத்து ஒருக்கா. ஏன்னா இழுக்கற என்ஜின் கொரல் வேற, இழுபடற என்ஜின் கொரல் வேற. இதுல உனக்குச் சந்தேகம் இருந்தா லோடு லாரி மலையேறறதையும் எறங்கறதையும் கேட்டுப் பாரு. அப்பறமேட்டு அந்தத் துண்டையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு மங்க விட்டு ஒட்ட வெக்கறாங்க. இன்னும் சில பேரு, கீழ இருந்து மேல வரைக்கும் ஒரே இழுப்பாப் பதிஞ்சு, அதைப் பொடிப் பொடியா நறுக்கி, எந்தச் சுத்துக்கு எந்தப் பொடியோ அதை எடுத்துத் தூவறாங்க. 2022-ல வந்த என்ஜின் சிமுலேட்டர்ங்கற எலவசச் செயலியில மைக்கும் கெடையாது, காரும் கெடையாது. சிலிண்டருக்குள்ள வாயு எப்பிடிப் போகுது, குழாய்ல எப்பிடி வருதுன்னு கணக்குப் போட்டே சத்தத்தை உண்டு பண்ணுது. எனக்கு அது நெம்பப் புடிச்சுது. பட்டறை புத்தி, என்ன பண்றது.

ஏன் பழைய வெளையாட்டுல சத்தம் பொய்யாப் போச்சுன்னு தெரியுமா உனக்கு? உனக்கு 'நல்லால்லே'ங்கறது மட்டுந்தான் தெரியும். 3,000 சுத்துல பதிஞ்ச ஒரே துண்டை எடுத்து, வேகமா ஓட விட்டு 8,000 சுத்துன்னு ஏமாத்துவாங்க. வெடி சுருக்கா வரும், சரி. ஆனா குழாயும் தகரமும் இருக்குதல்லோ, அதுக்குன்னு ஒரு சொந்த முழக்கம் உண்டு. அது குழாயோட நீளத்தைப் பொறுத்தது. என்ஜின் வேகமாச் சுத்துனா குழாய் சுருங்கிப் போகுமா? போகாது. வெடி ஏறும், முழக்கம் அதே எடத்துல நிக்கும். வெடி ஏறி ஏறி அந்த முழக்கத்தைத் தொடறப்பத்தான் கார் கத்தும். தாண்டிட்டா கொரல் மாறும். துண்டை இழுத்துச் சுருக்கறவன் ரெண்டையும் சேத்து மேல தூக்கிப்போடறான். அப்ப கார் பெருசா கத்தறதில்லை, சின்னதா ஆயிப் போகுது. பெரிய கார் பொம்மைக் காராட்டக் கேக்கறதுக்கு அதான் காரணம். இதைச் சொல்லி வெய்யி, அப்பத்தான் நீ வெய்யறதுக்கு மரியாதை.

ஜப்பான்காரங்க கிரான் டூரிஸ்மோ இருக்குதே, 1997-ல இருந்து வருது. அதோட அஞ்சாவது பாகம் 2010-ல வந்தப்ப, காருக்குள்ள தைச்ச நூல் கூடத் தெரிஞ்சுது. பெயிண்டு மினுமினுன்னு இருந்துது. சத்தத்தைக் கேட்டவங்க மட்டும், இதென்ன தூசி உறிஞ்சற மிசினான்னு எகத்தாளம் பண்ணுனாங்க. 2017-ல ஸ்போர்ட்டுங்கற பாகம் வந்தப்பத்தான் சத்தம் கொஞ்சம் தேறுச்சு.

இப்பக் கேளு. அந்தத் தூசி மிசின் சத்தம் ஓடிட்டிருந்த காலத்துல, 2011-ல, அந்த வெளையாட்டை வெச்சே ஒரு போட்டி. நிசான் கம்பெனியும் சேந்து நடத்துன ஜிடி அகாடமி. அதுல ஜெயிச்சவன் கார்டிஃப்ல வளந்த யான் மார்டன்பரோங்கற பையன். ஊட்டு ரூம்புல உக்காந்து பழகுனவன். அவனைக் கூட்டிட்டுப் போயி நெசக் கார்ல ஏத்துனாங்க. 2013-ல லீ மான் 24 மணி நேரப் பந்தயத்துல, அவன் இருந்த அணி தன்ற வகுப்புல மூணாவது. பத்து வருசம் கழிச்சு அதைச் சினிமாவாவே எடுத்தாங்க. அவனுக்குப் பத்துன சத்தம் உனக்குப் பத்தலையா? உன்ற காது என்ன, அவன் காதைவிட ஒசந்த சாதியா?

வேற ஒண்ணு சொல்றேன். உன்ற காது எங்க பழகுச்சு? யூடியூப்ல. எவனோ போனைத் தூக்கிப் புடிச்சுப் பதிஞ்ச சத்தம். அந்தத் துளியூண்டு மைக்கு அத்தனை சத்தத்தைத் தாங்காது. தலையும் காலும் வெட்டுப்பட்டு, கரகரன்னு ஒடஞ்சுதான் உள்ள போகும். அந்தக் கரகரப்புதான் வீரம்னு உன்ற காது முடிவு பண்ணிப்போடுச்சு. அப்பறமேட்டு நல்ல மைக்குல சுத்தமாப் பதிஞ்ச சத்தத்தைக் கேட்டா, "தம்மே இல்லை தாத்தா"ங்கறே. எசென்சு போட்ட பாக்கெட் நெய்யிலயே வளந்தவன், ஊட்டுல வெண்ணெய் காச்சி எறக்குன நெய்யை மோந்து பாத்துட்டு, கெட்டுப் போச்சான்னு கேட்ட கதைதான். வெளையாட்டு செய்யறவங்களும் பொழப்பைப் பாக்கணுமல்லோ? நீ கரகரப்புக் கேட்டா அவனும் கரகரப்பை அள்ளிப் போடறான். போட்டா, "ஆகா, இதாண்டா நெசம்"ங்கறே.

புல்லட் வண்டிக்காரங்க பண்ணுன அலும்பை நான் கண்ணாலயே பாத்தவன். திருவொற்றியூர்ல இருந்து வந்த பழைய வார்ப்பிரும்பு என்ஜின். பொகைக் கட்டுப்பாடு இறுகுனதும், 2010-ஐ ஒட்டி அதை ஏறக்கட்டிட்டு, கியர்பாக்சும் ஒண்ணா இருக்கற புது என்ஜின் போட்டாங்க. ஆயில் ஒழுகறது நின்னுது. ஒதைச்சா ஒடனே ஸ்டார்ட் ஆச்சு. சனம் சந்தோசப்பட்டுச்சா? "அந்த டப்டப் போச்சே"ன்னு மாரடிச்சுது. ஒழுகுன ஆயிலைத் தொடைச்ச கை அவங்களுது இல்லையே, எங்களுது. அமெரிக்காவுல ஹார்லி பைக்குக்காரங்க தங்க வண்டி போடற டப்டப்பையே எங்க கம்பெனி முத்திரைன்னு பதியச் சொல்லி 1994-ல மனுப் போட்டாங்க. ஆறு வருசம் மல்லுக்கட்டிட்டு வேண்டாம்னு விட்டுட்டாங்க.

நீ வெளையாட்டுக் கார் நெசக் காராட்ட இல்லைன்னு அழுகறே. நெசக் காரே இப்ப எப்பிடி இருக்குது தெரியுமா?

லெக்சஸ் எல்எஃப்ஏன்னு ஒரு கார். மொத்தம் 500 தான் செஞ்சாங்க. 4.8 லிட்டர் வி10. அதோட சத்தத்தைச் சீர் பண்ணுனது யமஹா. பைக்கு மட்டுமில்லை, பியானோவும் செய்யற யமஹா. காத்து உறிஞ்சற எடத்துல வர்ற சத்தத்தைத் தடத்துல விட்டு நேரா ஓட்டறவன் காதுக்குக் கொண்டாந்தாங்க. ஸ்பீக்கர் கெடையாது. அந்த என்ஜின் ஏறற வேகத்துக்கு முள்ளு ஈடு குடுக்க மாட்டாமப் போயி, மீட்டரைத் திரையில காட்டுனாங்க. அது தொழிலு. அதுக்கு நானே கும்புடு போடுவேன்.

அதே காலத்துல, 2011-ல வந்த பிஎம்டபிள்யூ எம்5. எட்டு சிலிண்டர், ரெட்டை டர்போ. அத்தனை அட்டை போட்டு அடைச்சதால உள்ள சத்தமே வரலே. என்ன பண்ணுனாங்க? என்ஜின் சத்தத்தைப் பாட்டுப் பெட்டியிலயே ஓட விட்டாங்க. காசு குடுத்துச் சத்தத்தை வெளிய நிறுத்தறது, மறுபடி காசு குடுத்து உள்ள கூப்புடறது. இப்ப வந்த ஹூண்டாய் அயோனிக் 5 என் இன்னும் லொள்ளு. அது பேட்டரிக் கார். கியரே கெடையாது. இல்லாத எட்டு கியரை இருக்கறதாக் காட்டி, மாத்தறப்ப ஒரு வெட்டு வெட்டி, இல்லாத பெட்ரோல் என்ஜின் சத்தத்தை ஸ்பீக்கர்ல போடுது. போர் விமானச் சத்தம் கூட வெச்சிருக்கான். அமெரிக்காவுல டாட்ஜ் கம்பெனி பேட்டரிக் காருக்குச் சைலன்சராட்ட ஒண்ணை மாட்டி, 126 டெசிபல் வரும்னு மார்தட்டுச்சு. பொகையே இல்லாத வண்டிக்குப் பொகைக் குழாய்! நெசக் கார் வெளையாட்டைப் பாத்துக் கத்துக்குது, வெளையாட்டு நெசக் காரைப் பாத்துக் கத்துக்குது. நடுவுல நீ உக்காந்துக்கிட்டு அளவுகோலைத் தேடறே.

ஒண்ணை மட்டும் நான் கேலி பண்ண மாட்டேன். ஐரோப்பாவுல 2019-ல இருந்து, புது மாடலா வர்ற பேட்டரிக் கார் 20 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள போறப்ப கட்டாயம் ஒரு சத்தம் போட்டாகணும்னு வெச்சுட்டாங்க. கண்ணு தெரியாதவங்க, பெரியவங்க, கொழந்தைங்க ரோட்டைத் தாண்டணுமே. அந்தச் சத்தம் எந்தக் காராட்டக் கேக்குதுன்னு யாருக்கும் கவலையில்லை. வண்டி வருதுன்னு சொல்லுதா, சரி.

உன்ற ரூம்பை எட்டிப் பாத்தேன். சீட்டுக்கடியில ஒரு குலுக்கி. என்ஜின் சுத்துக்குத் தக்க ஒக்காந்த எடத்தை அதிர வெக்குமாம். முன்னால ரெண்டு காத்தாடி. கார் வேகத்துக்குத் தக்க மூஞ்சியில காத்து அடிக்குமாம். ஜன்னலைச் சாத்திக்கிட்டு உக்காந்து அந்தக் காத்தை வாங்கறே. நெசமாட்டச் சத்தம் வேணும்னு ஸ்பீக்கரைத் திருகறியே, பந்தயக் கார் பக்கத்துல நின்னா 120 டெசிபலைத் தாண்டும். குடியிருக்கற தெருவுக்கு நம்ம சர்க்கார் வெச்ச அளவு பகல்ல 55, ராத்திரி 45. பத்து டெசிபல் ஏறுனா பத்து மடங்கு சக்தின்னு அர்த்தம். நீ நெசமாலுமே நெசம் வெச்சா, கருக்கல்ல பால் கறக்கற மாடு ஒதைக்கும். உங்க ஆத்தா அதுக்கு முன்னாலயே ஒதைக்கும்.

அப்ப வெளையாட்டுல நல்ல சத்தம்னா எதுன்னு கேக்கறியா? இப்பத்தான் உருப்படியாக் கேட்டே.

அந்த சுத்து காட்டற மீட்டரு மேல ஒரு துண்டுக் காயிதத்தை ஒட்டு. கியர் நம்பரையும் மறைச்சுப்போடு. இப்ப ஓட்டு. எப்ப கியர் மாத்தணும்னு காது சொல்லுதா? வளைவுல ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட மிதிச்சா, பின் சக்கரம் புடிப்பை விட்டு வெறுமனே சுத்தறப்ப, என்ஜின் வெடுக்குனு மேல ஏறுதே, அது ஒடனே காதுக்கு வருதா? பிரேக் போட்டுக் கீழ் கியருக்கு வர்றப்ப பாரம் மாறுனது கேக்குதா? வந்துதுன்னா அது நல்ல சத்தம். அது பெராரியாட்ட இருக்குதா பெருமாநல்லூர் பஸ்ஸாட்ட இருக்குதான்னு நான் பாக்க மாட்டேன். அசெட்டோ கோர்சா, ஐரேசிங், எந்த வெளையாட்டா இருந்தாலும் இதான் சோதனை. ஒரே சுருதியில அழகாக் கத்திக்கிட்டு, டயர் நழுவறதைச் சொல்லாம வுட்டா, அந்தச் சத்தத்தை வெச்சு என்ன பண்றது? ரிங்டோன் வெச்சுக்கோ.

டயர் சத்தத்தையே எடுத்துக்கோ. பந்தயத்துக்குப் போடற வழவழ டயரு நம்ம ரோட்டு டயராட்டக் கிறீச்சுனு கத்தாது. வெளையாட்டுல எல்லா டயரும் கத்தும். பொய்தான். ஆனா நெசக் கார்ல டயர் நழுவப் போகுதுன்னு மொதல்ல சொல்றது காது இல்லை, ஒக்காந்திருக்கற எடம். இடுப்புதான் அதை வாங்கும். உன்ற சேர்ல அது வராது. நீ எத்தனை குலுக்கி மாட்டுனாலும் பக்கவாட்டுல தள்ளற அந்தத் தள்ளு வராது. இடுப்பு வாங்க வேண்டிய சேதியைக் காதுக்குத் திருப்பி விடறதுக்காகத்தான் வெவரமான ஆளு அந்தப் பொய்யைச் சொல்றான். உனக்குக் காரோட்டத் தெரியணும்னு சொன்ன பொய் அது. நீ அதைப் போயி 'ரியலிசம் இல்லை'ன்னு கழிச்சுக் கட்டறே. அந்த டயர்ச் சத்தத்தை அமத்தி வெச்சுட்டு, என்ஜின் சத்தத்தை மட்டும் ஏத்தி வெச்சு ஓட்டறே. அப்பறம் ஒவ்வொரு வளைவுலயும் புல்லுல போயி நிக்கறே. கேட்டா, பெடல் சரியில்லை தாத்தா, புதுசு வாங்கணும்ங்கறே.

பெடலுக்குக் காசு கேக்கறதுக்கு முன்னால ஒரு வேலை பண்ணு. அந்த ஹெட்போனைக் கழட்டு. கெணத்து மோட்டாரைப் போட்டுட்டு வந்து உக்காந்தவன் நீதானே? தண்ணி கீழ போயி, அது வெறும் காத்தை இழுத்துக்கிட்டுக் கெடக்குது. சத்தம் மாறி நெம்ப நேரமாச்சு. ஓடு, காயில் எரிஞ்சு போறதுக்குள்ள ஆஃப் பண்ணு!